வீட்டில் கார் இருக்கு... ஓட்டத்தான் பயமா? 40 வயதுக்கு மேலும் ஸ்டியரிங் பிடிக்கலாம், வாங்க!

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய அப்பார்ட்மென்ட்டுகளுக்குக் கீழே உறை போட்டு மூடிய கார்கள் நிற்பதைப் பார்க்கலாம். உறையின் மேல் சருகு படிந்திருக்கும். ஒன்று, மகன் வெளிநாடு போகும்முன் வாங்கிக் கொடுத்தது. இன்னொன்று, கணவருக்குப் பார்வை குறைந்தபிறகு யாரும் எடுக்காதது. வாரம் ஒருமுறை தெரிந்தவர் யாராவது வந்து ஸ்டார்ட் செய்து, பேட்டரி இறங்காமல் பார்த்துக்கொண்டு போவார்.

வீட்டில் இருப்பவரிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "கத்துக்கணும்னுதான் இருக்கேன். ஆனா பயமா இருக்கு. இந்த வயசுல வருமா?"

இந்தத் தயக்கத்துக்குக் கொடுக்கும் விலை சின்னது இல்லை. ஸ்ரீரங்கம் ஒரு தீவு. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். ஜங்ஷன் ரயில் நிலையம், பெரிய மருத்துவமனைகள், கல்லூரிகள் என எல்லாவற்றுக்கும் ஆற்றைத் தாண்டித்தான் போகவேண்டும். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அப்பாவை அழைத்துப் போகும் மகளுக்கும், அதிகாலை ரயிலுக்கு மனைவியைக் கொண்டுபோய் விடவேண்டிய கணவருக்கும், யாராவது வந்து வண்டி எடுக்கும்வரை காத்திருப்பது அன்றாடச் சுமை. கார் வாசலிலேயே நிற்கும்போது அந்தக் காத்திருப்பு இன்னும் உறுத்தும்.

இந்த வாரம் அந்தப் பயத்தைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

பெரியவர்களுக்கு ஏன் அதிகப் பயம்?

18 வயதுப் பையன் காரில் ஏறும்போது அவன் மனதில் ஓடுவது, 'எப்போது டாப் கியர் போடலாம்' என்பது. 45 வயதுக்காரர் ஏறும்போது ஓடுவது வேறு. எதிரே வரும் பஸ், குறுக்கே ஓடும் குழந்தை, இடித்துவிட்டால் போலீஸ், நஷ்டஈடு, வீட்டில் வாங்கும் பேச்சு. இவர் அதிகம் பார்த்தவர் என்பதால் அதிகம் பயப்படுகிறார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக எண்ணிக்கையில் விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. ஆகவே 'பயமே வேண்டாம்' என்று சொல்வது பொறுப்பான பேச்சு அல்ல. கையைக் கட்டிப்போடும் பயத்தை, கண்ணைத் திறந்து வைக்கும் கவனமாக மாற்றிக்கொள்ள முடியும். அதுதான் வேண்டியது.

ஆண்களுக்கும் இந்தப் பயம் உண்டு. அவர்கள் வெளியே சொல்வது குறைவு. "பார்க்கிங் கிடைக்காது", "டிரைவர் வெச்சுக்கலாம்", "பஸ்ஸே வசதி" என்று வேறு பெயரில் வரும். பெயர் மாறினாலும் சரக்கு ஒன்றுதான்.

வாகனம் ஓட்டும் பயம் கடுமையாக இருந்தால் அதை மருத்துவத்தில் 'அமாக்சோஃபோபியா' என்பார்கள். காரில் ஏறும் நினைப்பிலேயே மூச்சு முட்டுவது, நெஞ்சு படபடப்பது, பழைய விபத்துக் காட்சி திரும்பத் திரும்ப வருவது ஆகியவை இருந்தால், டிரைவிங் ஸ்கூலுக்கு முன்னால் மனநல ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. அரசின் டெலி மானஸ் எண் 14416-ல் இலவசமாகப் பேசலாம். மற்ற பெரும்பாலானவர்களுக்கு இருப்பது சாதாரணத் தயக்கம். அது பழகப் பழகப் போய்விடும்.

அந்தத் தயக்கத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று பயங்கள் இருக்கும். வண்டி மேல் பயம், ரோடு மேல் பயம், ஆட்கள் மேல் பயம். மூன்றையும் ஒரே நாளில் எதிர்கொள்ள நினைப்பதால்தான் பலர் மூன்றாவது வகுப்போடு நின்றுவிடுகிறார்கள். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

1. வண்டி மேல் பயம்: ஒரு வாரத்தில் போய்விடும்

புதிதாகக் கற்பவரை முதலில் மிரட்டுவது கிளட்ச். 'காலை எடுத்தால் வண்டி குதிக்கிறது, இல்லாவிட்டால் ஆஃப் ஆகிவிடுகிறது' என்பதுதான் எல்லோருடைய புகாரும். அதற்கு முன் சீட்டைச் சரிசெய்யுங்கள். கிளட்ச்சை முழுதாக மிதித்த நிலையிலும் இடது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். முதுகு சீட்டில் படிந்திருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் உட்கார வேண்டும். உயரம் குறைவானவர்கள் சீட்டை உயர்த்த முடியாவிட்டால் வழுக்காத, கெட்டியான குஷன் வைத்துக்கொள்ளலாம். பானெட்டுக்கு அப்பால் ரோடு நன்றாகத் தெரிந்தாலே பாதிப் பயம் குறையும். செருப்பு கழன்று பெடலுக்கு அடியில் சிக்கும். ஓட்டும்போது பின்பட்டை உள்ள, தட்டையான காலணி போதும்.

அடுத்து, சமதளமான, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், பக்கத்தில் பயிற்சியாளரோடு இதை மட்டும் செய்து பாருங்கள். கிளட்ச்சை முழுக்க மிதித்து முதல் கியர் போடுங்கள். ஆக்ஸிலரேட்டர் பக்கமே போகவேண்டாம். ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, கிளட்ச்சை மிக மெல்ல விடுங்கள். ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் கொஞ்சம் தணியும், வண்டி லேசாக நடுங்கும். அங்கேயே காலை இரண்டு விநாடி நிறுத்துங்கள். வண்டி தானாக நகரத் தொடங்கும். இதைத்தான் பயிற்சியாளர்கள் 'ஹாஃப் கிளட்ச்' என்கிறார்கள். நகர்ந்ததும் கிளட்ச், பிரேக் இரண்டையும் மிதித்து நிறுத்துங்கள். மறுபடி நகர்த்துங்கள். முதல் நாள் 20 முறை இதைச் செய்தால், நாலாவது நாளில் அந்த இடம் எங்கே வரும் என்பதைக் கால் தானாகவே சொல்லிவிடும்.

இதன் பின்னால் இருப்பது எளிய உண்மை. புதிதாகக் கற்கும்போது ஒவ்வோர் அசைவையும் யோசித்துச் செய்கிறோம். கிளட்ச், கியர், கண்ணாடி, இண்டிகேட்டர் என நாலைந்து வேலைகள் ஒரே நேரத்தில் வந்தால் மூளை திணறுகிறது. திரும்பத் திரும்பச் செய்யும்போது அந்த வேலை யோசனையிலிருந்து பழக்கத்துக்குப் போய்விடும். தோசைக்கல்லில் மாவு ஊற்றிக்கொண்டே போனில் பேசுகிறவர் ஒருகாலத்தில் தோசையைக் கிழித்தவர்தான். வயது கூடினால் பழகக் கொஞ்சம் நாள் அதிகம் பிடிக்கலாம். அதற்காக வராமல் போகாது.

வண்டி ஆஃப் ஆகிவிட்டால்? பிரேக், கிளட்ச், நியூட்ரல், சாவி. நிதானமாகச் செய்தாலும் சில விநாடி வேலைதான். இதைத் தனியாக ஒரு பயிற்சியாகவே செய்யுங்கள். வேண்டுமென்றே வண்டியை ஆஃப் செய்து, மறுபடி எடுத்துப் பழகியவருக்கு சிக்னலில் ஆஃப் ஆனால் கை நடுங்காது.

கிளட்ச்சோடு போராட விருப்பமில்லையா? கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார்கள் இப்போது நடுத்தர விலையிலேயே கிடைக்கின்றன. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஒன்றே ஒன்று கவனம்: ஆட்டோமேட்டிக்கில் இடது காலுக்கு வேலையே கிடையாது. அதை ஓரமாக வைத்துவிட்டு, பிரேக்குக்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் வலது காலை மட்டும் பயன்படுத்த வேண்டும். இரண்டு காலையும் பயன்படுத்தினால் பதற்றத்தில் தவறான பெடலை மிதிக்கும் ஆபத்து உண்டு.

2. ரோடு மேல் பயம்: படிப்படியாகக் குறையும்

சித்திரைத் தேரோட்டத்தில் ரங்கநாதரின் தேரே முனையில் ஒரேயடியாகத் திரும்பிவிடுவதில்லை. முட்டுக்கட்டை போட்டுப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருப்புகிறார்கள். ரோட்டுப் பயத்துக்கும் அந்த நிதானம்தான் வழி.

1950-களில் ஜோசப் வோல்ப் என்ற மனநல மருத்துவர், பயப்படும் விஷயத்தை மிகச் சிறிய படிகளாகப் பிரித்து, ஒரு படியில் மனம் அடங்கியபிறகே அடுத்த படிக்குப் போகும் சிகிச்சையை உருவாக்கினார். இன்றும் பயங்களுக்கான சிகிச்சையில் அதன் அடிப்படை பயன்படுகிறது. கார் ஓட்டவும் அதே முறையைப் பின்பற்றலாம். ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் உங்கள் பயத்துக்கு 10-க்கு மார்க் போடுங்கள். 8 இருந்த இடத்தில் 4 ஆகும்வரை அதே ரோட்டில் ஓட்டுங்கள். பிறகு அடுத்த ரோடு. பயம் உச்சத்தில் இருக்கும்போது வண்டியை விட்டு இறங்கி வீட்டுக்குப் போய்விடாதீர்கள். 'தப்பித்ததால்தான் பிழைத்தோம்' என்று மனம் பதிந்துகொள்ளும். ஓரமாக நிறுத்தி, நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து அதே ரோட்டில் இன்னொரு சிறிய சுற்று போய்விட்டு வீடு திரும்புங்கள்.

திருச்சியில் இருப்பவர்கள் இந்தப் படிகளை இப்படி அமைத்துக்கொள்ளலாம்:

முதல் படி: உங்கள் தெருவும் பக்கத்துத் தெருவும். ஞாயிறு காலை 6 மணி. முதல் இரண்டு கியர் போதும்.

இரண்டாம் படி: தில்லை நகர் போல குறுக்குத் தெருக்கள் வரிசையாக இருக்கும் பகுதி, அதுவும் விடுமுறை நாள் அதிகாலையில். ஒரு கிராஸில் நுழைந்து அடுத்த கிராஸில் வெளியே வந்தால் இடது, வலது திருப்பங்கள் அடுத்தடுத்துக் கிடைக்கும். கண்ணாடி, இண்டிகேட்டர், திருப்பம் என்ற வரிசை இங்கேதான் பழகும்.

மூன்றாம் படி: ஸ்ரீரங்கத்தின் சித்திரை வீதிகள். கோயிலை வலமாகச் சுற்றினால் நான்கு முனையிலும் வலது பக்கம் திரும்ப வேண்டும். இடமாகச் சுற்றினால் நான்கும் இடது திருப்பம். வலது திருப்பத்துக்கு எதிர்வரும் வண்டிகளைப் பார்க்கவேண்டும் என்பதால், முதலில் இடது, பிறகு வலது. ஒருவழிப்பாதை, போக்குவரத்து மாற்றம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செல்லுங்கள். மாடு, பூக்கடை, நின்றுகொண்டே பேசும் பக்தர்கள், வரிசையாக நிற்கும் வேன்கள் எல்லாம் இங்கே இருக்கும். மெதுவாக ஓட்டப் பழக இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. தேர், வைகுண்ட ஏகாதசி, ஆடிப்பெருக்கு நாள்களில் மட்டும் வேண்டாம்.

நான்காம் படி: மேம்பாலம். தென்னூர், பாலக்கரை மேம்பாலங்களின் ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் பின்னால் உருண்டுவிடுமோ என்பது எல்லோருடைய பயம். ஹேண்ட் பிரேக் போட்டு, ஹாஃப் கிளட்ச் வரை வந்து, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, வண்டி முன்னால் இழுப்பதை உணர்ந்தபிறகு ஹேண்ட் பிரேக்கை விடுவதுதான் முறை. லைசென்ஸ் தேர்வு விதிகளிலேயே, ஏற்றத்தில் நிறுத்திப் பின்னால் உருளாமல் எடுக்கத் தெரிய வேண்டும் என்று இருக்கிறது. இதைப் பாலத்தில் வைத்துக் கற்காதீர்கள். போக்குவரத்து இல்லாத சின்ன ஏற்றத்தில் கற்றுக்கொண்டு பாலத்துக்குப் போங்கள்.

ஐந்தாம் படி: காவிரிப் பாலம். 1976-ல் திறக்கப்பட்ட இந்தப் பாலம்தான் ஸ்ரீரங்கத்துக்காரர்களின் உண்மையான தேர்வு மையம். ஒரு பக்கம் டவுன் பஸ், இன்னொரு பக்கம் இடைவெளியில் நுழையும் பைக், நடுவில் திடீரென நிற்கும் ஷேர் ஆட்டோ. முதல் வாரம் காலை 6 மணிக்கு மாம்பழச் சாலையிலிருந்து பாலத்தைக் கடந்து அப்படியே திரும்பி வாருங்கள். அடுத்த வாரம் 11 மணிக்கு. அதற்கடுத்த வாரம் மாலையில். பாலம் அதேதான், நெரிசல் மட்டும் மாறுகிறது. பாலத்தில் முன்னே போகும் வண்டியை முந்தவேண்டிய அவசியமே இல்லை.

ஆறாம் படி: நெடுஞ்சாலை. கொள்ளிடத்தைத் தாண்டி, சமயபுரம் வரை சென்னை நெடுஞ்சாலையில் போய் வருவது நல்ல தொடக்கம். இங்கே பிரச்னை வேகம். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு விநாடியில் சுமார் 11 மீட்டர் ஓடிவிடும். 60-ல் கிட்டத்தட்ட 17 மீட்டர். ஆபத்தைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போகவே ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டிய பிறகு, நிதானமாக இரண்டு விநாடி எண்ணி முடித்தபிறகே நீங்கள் அந்தக் கம்பத்துக்கு வரவேண்டும். மழையில் நாலு விநாடி. சமயபுரத்துக்குப் பாதயாத்திரை போகும் பக்தர்கள் சாலையோரம் நடக்கும் இரவுகளில் இந்தப் பயிற்சி வேண்டவே வேண்டாம்.

காந்தி மார்க்கெட், என்.எஸ்.பி. ரோடு? அவசரமே இல்லை. பல வருடம் ஓட்டுபவர்களே அங்கே காரை எடுத்துப்போவதைத் தவிர்க்கிறார்கள். கார் ஓட்டத் தெரிந்தவர் எல்லா இடத்துக்கும் காரில்தான் போகவேண்டும் என்று சட்டம் இல்லை.

3. ஆட்கள் மேல் பயம்: கடைசியில்தான் போகும்

வண்டியும் வசப்பட்டது, ரோடும் பழகியது. ஆனாலும் பின்னாலிருந்து ஒரு ஹாரன் அடித்தால் கை கால் உதறுகிறது. "யாருப்பா ஓட்றது... லேடீஸா?" என்று ஜன்னல் வழியாக வரும் குரல். "பிரேக்க மிதி, மிதின்னு சொல்றேன்ல!" என்று பக்கத்து சீட்டிலிருந்து கணவர். "அம்மா, உனக்கு இது செட் ஆகாதும்மா" என்று பின் சீட்டிலிருந்து மகன். கற்றுக்கொள்வதைப் பலர் கைவிடுவது விபத்தால் அல்ல, இந்தப் பேச்சுகளால்தான்.

இந்தப் பயத்தை ஒரு மாவட்டமே சேர்ந்து ஜெயித்த கதை திருச்சிக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. புதுக்கோட்டை.

1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். படிப்பு சொல்லித்தரும் பெண்ணும் படிக்க வரும் பெண்ணும் யாரையும் எதிர்பார்க்காமல் ஊர் விட்டு ஊர் போகமுடிந்தால்தான் இயக்கம் நிற்கும் என்பது கணக்கு. சைக்கிள் வாங்கப் பெண்களுக்கு வங்கிக்கடன் கிடைக்க ஏற்பாடு செய்யப்பட்டது. விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம செவிலியர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அதில் பலர் நடுத்தர வயதைத் தொட்டவர்கள், குழந்தை பெற்றவர்கள்.

கேலி இல்லாமல் இல்லை. முதலில் சைக்கிளில் ஏறிய பெண்கள் கேட்ட வசவுகளைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். ஆனால், ஒரு பெண் ஓட்டினால் வேடிக்கை பார்க்கும் ஊர், ஐம்பது பெண்கள் ஓட்டினால் வழிவிட்டுத்தான் ஆகவேண்டும். கற்றுக்கொண்டவர் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தார். சைக்கிள் ஓட்டுவது பற்றிப் பாட்டே கட்டினார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் அதிகமான பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களோடு புதுக்கோட்டை நகரை வலம் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடானபோது ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. இதைப் பார்த்த யுனிசெஃப், அறிவொளியில் பணியாற்றிய பெண்களுக்காக 50 மொபெட்களுக்கு அனுமதி அளித்தது.

கார் கற்க நினைப்பவர்கள் புதுக்கோட்டையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: தனியாகக் கற்காதீர்கள். அப்பார்ட்மென்ட்டிலோ, அலுவலகத்திலோ, கோலாட்டக் குழுவிலோ உங்களைப் போலத் தயங்கும் இன்னும் இரண்டு பேர் நிச்சயம் இருப்பார்கள். மூன்று பேரும் ஒரே டிரைவிங் ஸ்கூலில், அடுத்தடுத்த நேரத்தில் சேருங்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின்னால் உட்கார முடியுமா என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். அடுத்தவர் செய்யும் தவறைப் பார்க்கும்போது 'நமக்கு மட்டும்தான் வரவில்லை' என்ற எண்ணம் காணாமல் போகும்.

வீட்டு ஆட்களிடம் முதல் பாடம் கற்கவேண்டாம். பாசம் உள்ள இடத்தில் பதற்றமும் அதிகம். டிரைவிங் ஸ்கூல் காரில் பயிற்சியாளர் பக்கமும் பிரேக் இருக்கும். நீங்கள் தவறவிட்டால் அவர் பிடித்துக்கொள்வார். வீட்டுக் காரில் அது கிடையாது. கத்தும் பயிற்சியாளர் வாய்த்தால் முதல் நாளே, "மெதுவா சொல்லுங்கண்ணே, அப்பத்தான் எனக்குப் புரியும்" என்று சொல்லிவிடுங்கள். மாறவில்லையென்றால் ஆளை மாற்றச் சொல்லுங்கள். காசு கொடுப்பவர் நீங்கள்.

ஹாரன் அடிப்பவரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் ஹாரன் என்பது திட்டு மட்டும் அல்ல. 'நான் வருகிறேன்', 'சிக்னல் விழுந்துவிட்டது' எல்லாமே ஹாரன்தான். 'எல்' போர்டைப் பார்த்தபிறகும் அடிக்கிறார் என்றால், அவசரம் அவருடையது. இடதுபக்கம் இண்டிகேட்டர் போட்டு, ஒதுங்கி, வழிவிடுங்கள். அதோடு அந்த உறவு முடிந்தது.

முன்னால் போனவர்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த வசந்தகுமாரி 1993-ல் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் பஸ் ஓட்டுநராகச் சேர்ந்தார். ஆசியாவின் முதல் பெண் பஸ் ஓட்டுநர் என்று அறியப்படும் அவர், 2017-ல் ஓய்வுபெறும்வரை பயணிகளை ஏற்றிச் சென்றார். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கார் ஓட்டும் பெண்ணே அபூர்வம்.

தென்கொரியாவில் சா சா-சூன் என்ற பாட்டி, லைசென்ஸுக்கான எழுத்துத் தேர்வில் நூற்றுக்கணக்கான முறை தோற்றார். விடவில்லை. எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வுமாக மொத்தம் 960 முயற்சிகளுக்குப் பிறகு, 2010-ல், 69 வயதில் லைசென்ஸ் வாங்கினார். ஒரு கார் நிறுவனம் அவருக்குப் புதுக் காரைப் பரிசளித்தது. சவுதி அரேபியாவில் 2018 ஜூன் 24 அன்று பெண்கள் கார் ஓட்ட அனுமதி வந்தபோது, நடுத்தர வயதுப் பெண்கள் முதல்முறையாக ஸ்டியரிங் பிடித்தார்கள். 'இந்த வயசுல வருமா?' என்ற கேள்விக்கு உலகம் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது.

லைசென்ஸ்: தெரிந்துகொள்ள வேண்டியவை

திருச்சி மாநகரப் பகுதிக்கு டிஎன் 45, டிஎன் 48, டிஎன் 81 என்ற எண்களில் வண்டிகள் பதிவாகின்றன. இதில் 48 ஸ்ரீரங்கத்துக்கு உரியது. உங்கள் முகவரி எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வருகிறது என்று முதலில் பாருங்கள். 

* முதலில் எல்.எல்.ஆர். எடுக்கவேண்டும். சாலை விதிகள், குறியீடுகள் பற்றிய கேள்விகளில் 60 சதவிகிதம் சரியாக இருந்தால் தேர்ச்சி.

* 40 வயதைத் தாண்டியவர்கள் படிவம் 1ஏ-யில் மருத்துவர் சான்று இணைக்கவேண்டும். அதற்கு முன் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ராத்திரியில் எதிர் வெளிச்சம் கூசினால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

* எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். எடுத்து 30 நாள் கழித்து ஓட்டும் தேர்வுக்குப் போகலாம். அதுவரை முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' இருக்கவேண்டும். லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருக்கவேண்டும்.

* சொந்தக் கார் ஓட்டுவதற்கான பயிற்சி குறைந்தது 21 நாள், வண்டி ஓட்டும் நேரம் குறைந்தது 10 மணி நேரம் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. தினம் அரைமணி நேரம் என்று வைத்தால் கணக்கு சரியாக வரும். 'பத்து நாளில் முடித்துவிடலாம்' என்று சொன்னால், பத்து மணி நேரம் ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்குமா என்று கேளுங்கள்.

* தேர்வில் தவறினால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும். தவறுவது அவமானம் அல்ல. பணம் கொடுத்துத் தேர்வு இல்லாமலே லைசென்ஸ் வாங்கித் தருவதாகச் சொல்பவரிடம் மட்டும் போகாதீர்கள். காவிரிப் பாலத்தில் அந்த அட்டை பிரேக் போடாது.

லைசென்ஸ் வந்தபிறகுதான் ஆபத்து!

என்ன ஆபத்து என்கிறீர்களா? லைசென்ஸ் அட்டையைப் பர்ஸில் வைத்துவிட்டு, 'அப்புறம் ஓட்டிக்கலாம்' என்று விட்டுவிடுவது. ஆறு மாதம் தொடாமல் விட்டால், அடங்கிய பயம் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முதல் மூன்று மாதம் வாரத்துக்கு நாலு நாள், 20 நிமிடமாவது ஓட்டுங்கள். அதற்கு ஒரு நிரந்தர வேலையை வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை காய்கறி, வெள்ளிக்கிழமை திருவானைக்காவல் தரிசனம், ஞாயிறு முக்கொம்பு. போவதற்கு ஓர் இடம் இருந்தால் சாக்கு குறையும். புதுக்கோட்டைப் பெண்களும் வேடிக்கைக்காகக் கற்கவில்லை. தண்ணீர் எடுக்க, வேலைக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட என்று அவர்களுக்கு அன்றாட வேலை இருந்தது. அதனால்தான் கற்றது நின்றது.

முதல் ஒரு மாதம் பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் இருக்கட்டும். அவரிடம் முன்கூட்டியே ஒப்பந்தம் போடுங்கள்: ஆபத்து என்றால் மட்டும் "நிறுத்து" என்று ஒரே சொல், மற்றபடி விமர்சனம் எல்லாம் வண்டி நின்றபிறகு. இரவும் மழையும் இரண்டாவது மாதத்துக்குப் பிறகு. பாட்டு, போன் இரண்டும் அணைந்திருக்கட்டும். சீட் பெல்ட், பின்னால் இருப்பவருக்கும் சேர்த்து.

உடம்பு சரியில்லாத நாள், தூக்கம் போதாத நாள், தூக்கம் வரவைக்கும் மாத்திரை சாப்பிட்ட நாள், வீட்டில் சண்டை போட்ட நாள், இந்த நாலு நாள்களில் சாவியைத் தொடவேண்டாம். இன்றைக்கு ஆட்டோவில் போகிறேன் என்று முடிவு செய்வதும் நல்ல ஓட்டுநரின் வேலைதான்.

ஒரு வருடம் கழித்தும் லாரி பக்கத்தில் வரும்போது வயிறு லேசாகக் கலங்கும். கலங்கட்டும். அந்தக் கொஞ்சம் பயம்தான் உங்களை 80-க்குப் பதில் 50-ல் ஓட்டவைக்கும், கண்ணாடியைப் பார்க்கவைக்கும், பள்ளிக்கூட வாசலில் காலை பிரேக் மேல் வைக்கச் சொல்லும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டவேண்டும் என்றுகூட இல்லை. சும்மா உறையை எடுத்து, சருகைத் தட்டி, டிரைவர் சீட்டில் பத்து நிமிடம் உட்காருங்கள். இன்ஜின் ஆஃப். சீட்டைச் சரிசெய்யுங்கள், மூன்று கண்ணாடிகளையும் திருப்புங்கள், கிளட்ச்சை மிதித்து ஒன்றாம் கியர், இரண்டாம் கியர் போட்டுப் பாருங்கள். பிறகு நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். திங்கட்கிழமை பக்கத்து டிரைவிங் ஸ்கூலுக்கு ஒரு போன் போட்டு, அந்த 10 மணி நேரக் கேள்வியைக் கேளுங்கள்.